இரண்டாம் எண்ணிக்கை

இரணியல்
2 ஜூன் 2025, திங்கள்

பிரிஜாவுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். ஒரு பக்கம் வரைக்குமாவது பொறுத்துக்கொள். ஓமனாதான் எழுதுகிறேன். பதினாறு வருடங்களுக்கு முன் திருவனந்தபுரத்து மூளை ஆய்வகத்தில் உனக்கு மேலதிகாரியாக இருந்து, உன்னை வெளியே அனுப்பிய அதே ஓமனா.

இப்போது என் தம்பி குமாரதாஸின் வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்பதைவிட வைக்கப்பட்டிருக்கிறேன் என்பதுதான் பொருத்தம். எனக்கு மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு வருடமாகிறது. முன்கேட்டில் பூட்டு. ஒரே ஆளை ஒரே நாளில் இருபது தடவை கூப்பிட்டேனாம், போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்பக்கக் கம்பிக் கதவுக்கு அந்தப்புறம் திங்களும் வியாழனும் மீன் கொண்டுவருகிற வியாகுலம்மாள்தான் எனக்குத் தபால் ஆபீஸ். அவள் குளச்சலில் உன் அம்மாவின் தெருக்காரி. பேச்சுவாக்கில் உன்னைப் பற்றிச் சொன்னாள். பதில் எழுதினால் அவள் முகவரிக்கு எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். 2009-இல் நாம் எண்ணியதில் உன் எண்ணிக்கை சரி. என்னுடையது தவறு.

இருபது வயதிலிருந்து தொண்ணூறு வரை முப்பது பேரின் மூளை, இறந்தபின் வீட்டார் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் மெல்லிய துண்டு வெட்டி, ஊதாச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் தெரியும் கட்டத்துக்குள் நரம்பு செல்களை எண்ணினோம். முதலில் நான், பிறகு என் தாளைப் பார்க்காமல் நீ. வயதானால் நாலில் ஒரு பங்கு செல் செத்துவிடுகிறது என்று எனக்கு வந்தது. அப்படியெல்லாம் சாகவில்லை என்று உனக்கு வந்தது. இளம் மூளையில் ஈரம் அதிகம், பதப்படுத்தும்போது அதுதான் கூடுதலாகச் சுருங்குகிறது, சுருங்கினால் அதே கட்டத்துக்குள் செல்கள் நெருக்கியடித்து நிற்கும், அதை நான் அதிகம் என்று எண்ணிவிட்டேன் என்றாய். நீ ஒவ்வொரு துண்டின் கனத்தையும் அளந்திருந்தாய். நான் அளக்கவில்லை.

உன்னைப் போகச் சொன்ன மறுநாள் அளந்தேன். தனியாக உட்கார்ந்து, முப்பதையும். நீல அட்டை நோட்டில் தேதி போட்டு எழுதினேன். நீ சொன்னபடியே இருந்தது. ஆனால் என் எண்ணிக்கையை வைத்து எழுதிய கட்டுரை அதற்கு முந்தின வாரமே இதழுக்குப் போய்விட்டது. நோட்டை மூடி வைத்தேன். வாயையும்.

வயதானால் செல்கள் சாவதில்லை என்று காட்டியவள் நீ. எனக்கு வந்திருப்பது வயது இல்லை, நோய். இதில் சாகும். முதல் மறதி வெளியே தெரியும்போதே உள்ளே ஓரடுக்கில் பாதி போயிருக்கும். பிறருடைய மூளையில் அதையும் நானே எண்ணியிருக்கிறேன். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பூட்டிய வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உனக்கு எழுத வரவில்லை.

ஓமனா


மார்த்தாண்டம்
9 ஜூன் 2025

ஓமனா மேடத்துக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் எடுத்தேன், அதற்குள் ரத்தம் கொடுக்க ஆள் வந்துவிட்டது.

ஆம், ரத்தம். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பரிசோதனை நிலையம், ஜன்னல் இல்லாத அறை. காய்ச்சல் சீசனில் நாள் முழுக்க பிளேட்லெட் பார்க்கிறேன். மெஷின் எண்ணும், மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் நான் எண்ணுவேன். பதினான்கு வருடமாக இதே நாற்காலி. என் வீட்டுக்காரர் ஆன்ட்ரூஸ் கத்தாரில் இருக்கிறார். அவருக்கே நான் ஒரு காலத்தில் மூளையில் வேலை பார்த்தவள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். சொல்லிக்கொள்ளும்படியாகவா நீங்கள் அனுப்பினீர்கள்?

"எண்ணிக்கையில் நம்பத்தகாதவர்." நீங்கள் என் கோப்பில் எழுதியது இரண்டே சொல். எங்கே விண்ணப்பித்தாலும் எனக்கு முன்னால் அது போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்றும் மறக்கவில்லை. நெத்திலி காய்ந்தால் சுருங்கும், ஒரு கூடையில் கூடுதலாகக் கொள்ளும், அதனால் கடலில் அதிகம் பிடித்ததாகுமா என்று கூட்டத்தில் கேட்டேன். "இங்கே மீன் கணக்கு வேண்டாம்" என்றீர்கள். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நான் அதையும் எண்ணினேன்.

மேடம், நன்றாக இருந்த பதினைந்து வருடமும் வாய் திறக்காமல், உங்கள் பேச்சு எங்கும் செல்லாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு உண்மையைச் சொல்கிறீர்கள். இதை நான் யாரிடம் காட்ட? முதல் பக்கத்திலேயே மறதி நோய் என்று இருக்கிறது. கொச்சியில் ஒரு மூளை வங்கி புதிதாகத் தொடங்குகிறார்கள். எண்ணத் தெரிந்த ஆள் வேண்டுமாம். ஜூலை 17-ஆம் தேதி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய இடத்துக் கோப்பில் உள்ள குறிப்புக்கு விளக்கம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. இனி ஒரு தடவை யாரும் கூப்பிடப் போவதில்லை.

உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அந்த நீல நோட்டு வேண்டும். அதில் 2009-ஆம் வருடத்துத் தேதி இருக்கிறதல்லவா, அது போதும்.

பிரிஜா


இரணியல்
16 ஜூன் 2025

பிரிஜாவுக்கு,

நோட்டு இருக்கிறது. தருகிறேன். சும்மா தருவதாக இல்லை.

என்னை இங்கிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும். உனக்குத் தெரியாது, நான் இப்போது என் தம்பி வீட்டில் இருக்கிறேன். முன்கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறான். போன் கிடையாது. பின்கதவு வழியாக ஒரு மீன்காரிதான் கடிதம் கொண்டுபோகிறாள், நல்லவள், அவள் பேர் நாக்கு நுனியில் நிற்கிறது. தம்பி கெட்டவன் இல்லை. நேரத்துக்குச் சோறு, மாத்திரை, மின்விசிறி எல்லாம் உண்டு. கேட்டுக்கு அந்தப்பக்கம் ஆட்டோ போகிறது, பள்ளிக்கூட வண்டி போகிறது. நான் இந்தப்பக்கம் நின்று எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்ய? எண்ணி முடித்து உள்ளே போனால் எத்தனை என்பது போய்விடுகிறது. திரும்ப வந்து முதலிலிருந்து.

நேற்று கண்ணாடி முன் தலை வாரும்போது யார் இந்தக் கிழவி என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். ஒரு நொடிதான். அந்த நொடியில் எனக்கு வந்த பயத்தை நீ எழுதிக் கேட்கிற நோட்டுக்கு ஈடாக வைத்துக்கொள்.

வா. ஆய்வகத்திலிருந்து வந்ததாகச் சொல், தம்பி உள்ளே விடுவான். இதைப் பேரம் என்று நீ நினைத்தால் பேரம்தான். என் கையில் வேறு எதுவும் மிச்சமில்லை.

உனக்குக் கல்யாணம் ஆயிற்றா? எழுது.

ஓமனா


மார்த்தாண்டம்
30 ஜூன் 2025

மேடம்,

நேற்று வந்தேன். உங்களுக்கு நினைவிருக்குமோ இருக்காதோ, நடந்ததை எழுதிவைக்கிறேன்.

சர்ச்சில் பூசை முடிந்து பத்தரைக்கு வந்தேன். பன்னிரண்டரை வரை இருந்தேன். அதற்குள் என் பெயரை நான்கு தடவை கேட்டீர்கள். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்தது, நான்காவது தடவை வரவில்லை. ஆனால் இளம் மூளை ஏன் கூடுதலாகச் சுருங்குகிறது என்று கேட்டதும், துண்டைச் சாராயத்தில் ஊறப்போடுவதில் தொடங்கி ஒரு படி விடாமல் சொன்னீர்கள். நடுவில் நான் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொன்னேன். உடனே திருத்தினீர்கள், அதே பழைய குரலில்.

நோட்டு எங்கே என்று கேட்டேன். அலமாரி என்றீர்கள், பிறகு டிரங்குப் பெட்டி என்றீர்கள், பிறகு எந்த நோட்டு என்றீர்கள். நீங்கள் பேரம் பேசியது உங்களிடம் இல்லாத பொருளை வைத்து. அது உங்கள் தம்பியிடம் இருக்கிறது. உங்கள் காகிதங்களை எல்லாம் அவர் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். என்னை முன்வாசலுக்குக் கூட்டிவந்து நோட்டைத் திறந்தும் காட்டினார். 11 மார்ச் 2009. முப்பது அளவுகள், உங்கள் கையெழுத்து. கீழே "பிரிஜா சரி" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள்.

கை நீட்டினேன். அவர் மூடிவிட்டார்.

"இஞ்ச பாருங்க, அக்காளப் பூட்டிப் போட்டிருக்கேன்னு மீன்காரி வரைக்கும் பேசுகா. தைமாசம் திருவந்தரத்துக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லி எறங்கிப் போயி தண்டவாளத்துல நின்னா. நாந்தான் புடிச்சு இழுத்தேன். வண்டி வருகதுக்கு ரெண்டு நிமிசம் இல்ல. ஊரா வந்து இழுத்துது? எனக்கும் அறுவது ஆச்சு. எனக்க பெண்டாட்டிக்கு இடுப்பு ஆப்பரேசன். இனி என்னால ஆவாது" என்றார்.

உங்களைக் காப்பகத்தில் சேர்க்கப் போகிறார். உங்களுக்குப் பதிலாக அவர் கையெழுத்துப் போட கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறார். உங்களோடு வேலை பார்த்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். "அக்கா சொல்லுகது ஒண்ணையும் நம்ப முடியாதுன்னு ஒரு வரி எழுதித் தாங்க, போரும். நோட்ட அப்பமே கையில தாறேன்."

நம்பத்தகாதவர். என்னிடம் கேட்கிறார், உங்களைப் பற்றி எழுத.

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். பொய்யும் இல்லையே. உங்களைப்போல் பின்னால் செய்யாமல் சொல்லிவிட்டுச் செய்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பிரிஜா


இரணியல்
3 ஜூலை, வியாழன்

பிரிஜா,

உன் கடிதத்தைக் காலையிலிருந்து ஆறு தடவை படித்துவிட்டேன், ஓரத்தில் போட்டுவைத்த கோடுகள் சொல்கின்றன. ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அடி விழுகிறது.

எழுதாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எழுதாதே. இந்த வீட்டில் சமையலறை எந்தப்பக்கம் என்று எனக்கு இன்னும் தெரிகிறது. புது இடத்துக்குக் கொண்டுபோனால் அதுவும் போய்விடும். பிறகு நான் என்பது என்ன? அங்கே கட்டிலுக்கு நம்பர் போடுவார்களாம். நாம் மூளைக்குப் போட்டோமே, அதுபோல.

எனக்குப் பயமாக இருக்கிறது. அலங்காரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது.

ஓமனா


மார்த்தாண்டம்
8 ஜூலை 2025

மேடம்,

ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். பதறாதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

ஒரு வரி என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. "நம்பத்தகாதவர்" என்று எழுதிப் பார்த்தேன். உடனே அடித்துவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினேன். என்ன கண்டேனோ அதை, எத்தனை தடவை கண்டேனோ அத்தனை தடவை. இரண்டு மணி நேரத்தில் என் பெயரை நான்கு தடவை கேட்டார். பொருளை வைத்த இடம் தெரியவில்லை. கேட்டைத் திறந்து விட்டால் ஆபத்து, தண்டவாளம் வரை போயிருக்கிறார். இது ஒரு பக்கம். தன் வேலையைப் பற்றிக் கேட்ட ஒன்பது கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். தன் நோய் என்ன என்று தெரிந்திருக்கிறார். எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டால், இதே வீட்டில், ஆனால் பூட்டு இல்லாமல் என்று மாறாமல் ஒரே பதிலைச் சொல்கிறார். இவருக்குத் தேவை பூட்டு அல்ல, பக்கத்தில் ஓர் ஆள். இது இன்னொரு பக்கம்.

உங்கள் தம்பி இரண்டு தடவை படித்தார். "இந்த ரெண்டாவது பக்கம் வேண்டாம். அதைக் கிழிச்சுப் போட்டுட்டு மொதப் பக்கத்துல ஒப்பு வையுங்க" என்றார்.

"ரெண்டும் சேந்தாத்தான் கணக்கு" என்றேன்.

"அப்பம் நோட்டு கெடையாது."

"சரி" என்று சொல்லி, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. திரும்பிப் போகலாமா என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். ஆத்திரம் தாங்கவில்லை, உங்கள் மேல், அவர் மேல், என் மேல். நீங்கள் எனக்குச் செய்யாத நியாயத்தை நான் எதற்கு உங்களுக்குச் செய்து தொலைக்க வேண்டும்? பாதியை மட்டும் எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

நேர்காணலுக்கு இன்னும் ஒன்பது நாள். கையில் ஒன்றும் இல்லை.

பிரிஜா


12 மார்ச் 2009

அனுப்புநர்: ஓமனா, முதுநிலை அறிவியல் அலுவலர்
பெறுநர்: செல்வி பிரிஜா, இளநிலை ஆய்வாளர்

செவ்வாய்க்கிழமை உங்களை வேலையிலிருந்து விலகச் சொன்னது தொடர்பாக.

நேற்று முப்பது துண்டுகளின் கனத்தையும் நானே அளந்தேன். இளம் மூளைகளின் துண்டுகள் நீங்கள் சொன்ன அளவுக்கே சுருங்கியிருக்கின்றன. முதல் எண்ணிக்கை தவறு. இரண்டாம் எண்ணிக்கை சரி. தவறு என்னுடையது மட்டுமே. இதில் ஆய்வாளருடைய கவனக்குறைவு எதுவும் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே எழுதுகிறேன். உங்கள் கோப்பில் நான் எழுதிய குறிப்பை ரத்து செய்கிறேன். கூட்டத்தில் உங்களை அவமானப்படுத்தியதற்கு எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவிப்பேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலைக்குத் திரும்பவும்.

ஓமனா


மார்த்தாண்டம்
19 ஜூலை 2025

மேடம்,

நீங்கள் எந்த வருடத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பீர்கள் என்று தெரியவில்லை. அதனால் இரண்டு தாளாக எழுதுகிறேன். இது 2025-க்கு.

போன திங்கள், ஜூலை பதினான்கு, வியாகுலம்மாள் தலையில் சுமக்கும் மீன் சருவத்தை யாரிடமோ பார்த்துக்கொள்ள ஏற்பித்துவிட்டு பஸ் ஏறி வந்து உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தாள். "ஏட்டி பிரிஜா, மேடம் இத எழுதிட்டு, வேகம் கொண்டு குடு, அந்தப் பிள்ள வேலையில்லாம நிக்குதுன்னு கண்ணீர் விட்டு கரைஞ்சா. என்னத்தட்டி அது?" என்று கேட்டாள்.

பழைய ஆய்வகத்தின் பெயர் அச்சடித்த தாள், மஞ்சளேறியது. எங்கே ஒளித்து வைத்திருந்தீர்களோ. தேதி 12 மார்ச் 2009. கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பார்க்கிற யாரும் பதினாறு வருடத்துக்கு முந்தியது என்றுதான் சொல்வார்கள். நீங்களும் 2009-இல் இருப்பதாகவே நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, தேதியைத் தவிர.

கொச்சிக்கு அதைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழைய குறிப்புக்கு விளக்கம் ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். பைக்குள் கை போய்விட்டது. தாளைத் தொட்டும்விட்டேன். "இல்லை" என்றேன். நடந்ததை வாயால் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்கள். தகவல் சொல்கிறோம் என்றார்கள். அந்தத் தலையாட்டலின் பொருள் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலை போனதற்கு இல்லை. இந்தக் கடிதம் அன்றைக்கே வந்திருந்தால் என்று நினைத்து அழுதேன். மூன்று மாதம் வாசலில் தபால்காரரைப் பார்த்து நின்றேன், மேடம். இதே வார்த்தைகளை நானே மனதுக்குள் உங்களுக்காக எழுதிப் பார்த்திருக்கிறேன்.

உங்களை மன்னித்தேனா என்று கேட்டால் இல்லை. ஆனால் உங்கள் தம்பியிடம் போனில் பேசினேன். மனுவை அவர் விடவில்லை, காப்பகத்தையும் விடவில்லை, அதை என்னால் மாற்ற முடியவில்லை. அதுவரை, நான் கூடவே இருந்தால் திங்கட்கிழமைகளில் இரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்துவிடுவதாக ஒத்துக்கொண்டார். லேபில் விடுமுறையை ஞாயிறிலிருந்து திங்களுக்கு மாற்றிக்கொண்டேன். நாம் ரோடு வரை நடக்கலாம். தண்டவாளப் பக்கம் கிடையாது.

இனி அடுத்த தாள், 2009-க்கு.


ஓமனா மேடத்துக்கு,

தங்கள் 12-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறேன்.

பிரிஜா